ராஜா ஒன்பது கிழமையாகச் சாப்பிடவில்லை

கேள்வி: வணக்கம் டொக்டர். என் மகனுக்கு 14 வயது. இரண்டரை வருடங்களுக்கு முன் அவனுக்கு ஒரு றோயல் பைதன் மலைப்பாம்புக் குட்டி வாங்கிக் கொடுத்தோம். ஆண். பெயர் ராஜா. கிழமைக்கு இரண்டு உறைந்த சுண்டெலிகளைச் சூடாக்கிக் கொடுப்போம், மறுக்காமல் சாப்பிடுவான். செப்டெம்பர் நடுப்பகுதியில் அவனைச் சின்ன அறையிலிருந்து ஹோலுக்கு மாற்றினோம், நாலடி நீளத்தில் புதுக் கண்ணாடித் தொட்டியும் வாங்கினோம். இனிப் பெரிய எலி கொடுக்கலாம் என்று கடையில் சொன்னதால் அதையும் அப்போதே தொடங்கினோம். அன்றிலிருந்து ஒன்பது கிழமை, ஒன்றுமே சாப்பிடவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வைத்துப் பார்க்கிறோம். முகத்துக்கு முன்னால் ஆட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறான். 900 கிராம் இருந்தவன் இப்போது 868. தொட்டியில் ஒட்டியிருக்கும் வட்ட வெப்பமானி 27 பாகை காட்டுகிறது. உயிருள்ள எலியை விடச் சொல்கிறான் மகனின் நண்பன். மாமி பாலும் முட்டையும் வைக்கச் சொல்கிறா. ஃப்ரீசரில் எலி வைப்பதும் அவவுக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் மூன்று வயது மகளும் இருக்கிறாள். மகன் எல்லாம் தன் பிழை என்று அழுகிறான். என்ன செய்வது?

– ஒரு தாய், ஹரோ, இலண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் எழுதிய எடையைப் பார்ப்போம். 900 இலிருந்து 868 என்றால் 32 கிராம் குறைவு. நூற்றுக்கு நாலு வீதம்கூட இல்லை. இந்த அளவுப் பாம்பு ஒருமுறை மலம் கழித்தாலே 20, 30 கிராம் இறங்கிவிடும். ஆக, ஒன்பது கிழமையில் ராஜா தன் உடம்பிலிருந்து இழந்தது மிகக் கொஞ்சம். இன்றைக்கு அவன் உயிருக்கு ஆபத்து இல்லை. மகனிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

குளிர்காலம் தொடங்கியதும் எனக்கு அதிகம் வருகிற பாம்புக் கேள்வி இதுதான், அதிலும் பெரும்பாலும் றோயல் பைதன் பற்றித்தான். நம் வன்னிக் காடுகளில் வெங்கிணாந்தி என்று சொல்கிறோமே, அதன் சின்ன ஆபிரிக்க உறவு இது. செனகலிலிருந்து உகண்டா வரை, புல்வெளியிலும் காட்டோரத்திலும் வாழ்கிறது. பகலில் எலி வளையிலோ கறையான் புற்றிலோ சுருண்டு கிடக்கும், இருட்டினால் வெளியே வரும். வளர்ந்த ஆண்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது இந்த இனத்தின் இயல்பு. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு இரையில் நாட்டம் போய்விடும். முட்டையைச் சுற்றிக் கிடக்கும் பெண், குஞ்சு பொரியும் வரை ஏறத்தாழ இரண்டு மாதம் ஒன்றும் தொடாது. ராஜாவுக்கு இரண்டரை வயது, ஆண், மாதமோ நவம்பர். தொட்டியை நீங்கள் அசைக்காமல் விட்டிருந்தாலும் அவன் இந்தப் பருவத்தில் சில கிழமைகள் சாப்பாட்டை நிறுத்தியிருக்கக் கூடும்.

இதை ஒரு தாயிடம் சொல்லி நம்பவைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் 'சாப்பிட்டியா?' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாப்பிடாத ஒரு உயிரை வீட்டில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள நமக்கு வராது. அதனால்தான் பாம்பின் உடம்பு உணவை எப்படிப் பார்க்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் உண்பதில் பெரும் பகுதி உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கே எரிந்து போகிறது. பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பதுங்கிக் கிடந்து இரை பிடிக்கும் மலைப்பாம்பு வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய், இரை இல்லாத நாட்களில் குடலையே சுருக்கி வைத்துவிடுகின்றன. பர்மிய மலைப்பாம்பை வைத்து அமெரிக்காவில் ஸ்டீபன் சீக்கோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் இதை அளந்து காட்டினார்கள். பெரிய இரை ஒன்றை விழுங்கிய பிறகு அதன் உடம்பு ஓய்வில் இருந்ததைவிட 40 மடங்கு வரை வேகமாக எரிகிறது. ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது. இரண்டு நாளுக்குள் இதயம் 40 வீதம் பெருக்கிறது என்று 2005இல் இன்னொரு ஆய்வு காட்டியது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடும். நாம் பசித்தால் ஒரு பிஸ்கட் எடுத்துக் கடிக்கிறோம். மலைப்பாம்பு சாப்பிடுவதென்றால், பூட்டிக் கிடந்த தொழிற்சாலையைத் திறந்து எல்லா இயந்திரங்களையும் ஓடவிடுவது போன்ற வேலை.

அதில் ஆபத்தும் இருக்கிறது. இரையை விழுங்கிய பாம்பு வேகமாக ஓடித் தப்ப முடியாது. பல நாட்களுக்குச் சூடான இடமும் வேண்டும், சூடு போதாவிட்டால் இரை செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். ஆகவே, இடம் சூடா, பாதுகாப்பா, யாராவது என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்பதெல்லாம் சரியாகத் தெரிந்தால்தான் அது வாயைத் திறக்கும். சந்தேகம் வந்தால் பொறுத்திருக்கும். பொறுத்திருப்பதில் அதற்கு நட்டமே இல்லை.

சரி, இப்போது செப்டெம்பர் நடுப்பகுதியை ராஜாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். அமைதியான சின்ன அறையிலிருந்து தொலைக்காட்சியும் நடமாட்டமும் உள்ள ஹோலுக்கு வந்துவிட்டான். நாலு பக்கமும் கண்ணாடி. இரையின் மணம் மாறிவிட்டது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை கூரை திறக்கிறது, ஒரு செத்த எலி முகத்துக்கு நேரே வந்து ஆடுகிறது. தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேண்டாம் என்று சொல்லும் விதம்கூட அல்ல, வெருண்டு ஒளிக்கும் விதம். இந்தப் பாம்பு பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அமெரிக்காவில் இதைப் 'பந்து மலைப்பாம்பு' என்கிறார்கள். எலி வருகிறதென்றால் பயம் வருகிறது என்று அவன் இப்போது பழகிக்கொண்டிருக்கிறான். பருவம் தொடங்கி வைத்த நோன்பை உங்கள் அக்கறை நீட்டிக்கொண்டிருக்கிறது. யாருடைய பிழையும் இல்லை, நிறுத்தினால் போதும்.

எனவே முதல் வேலை, இரண்டு கிழமை அவனைச் சும்மா விடுவது. இன்று ஒருமுறை நிறுங்கள். அதன்பின் 14 நாள் தண்ணீர் மாற்றலாம், மலம் இருந்தால் எடுக்கலாம். அவ்வளவுதான். தூக்குவது, தடவுவது, இரை காட்டுவது ஒன்றும் வேண்டாம். மகனுக்கு இது கஷ்டமாக இருக்கும். அந்த நாட்களில் தொட்டியைச் சரிசெய்கிற பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.

தொட்டியில் எனக்கு முதலில் படுவது அந்த வட்ட மானி. கண்ணாடியில் ஒட்டும் மானி தான் ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டைத்தான் காட்டும், அதையும் சரியாகக் காட்டுவதில்லை. வயரில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள், ஒன்று சூடான பக்கத்துக்கு, ஒன்று குளிர்ந்த பக்கத்துக்கு. சூடான பக்கத்தில் அவன் படுக்கும் இடம் 31, 32 பாகை இருக்க வேண்டும். மறுபக்கம் 25, 26. மானி சொல்வது போல உண்மையிலேயே சூடான பக்கமே 27 என்றால், அவன் சாப்பிடாமல் இருப்பது புத்திசாலித்தனம், சாப்பிட்டிருந்தால் செரித்திருக்காது. சூடாக்கும் கருவி எதுவானாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் வயிற்றுத் தோல் வெந்த பாம்போடு என்னிடம் வருவீர்கள். வீட்டு ஹீட்டர் ஓடும் காலத்தில் காற்றும் காய்ந்துவிடும். ஈரப்பதன் 60 வீதம் அளவில் இருக்கட்டும்.

அடுத்தது மறைவிடம். நாலடித் தொட்டி நல்லதுதான், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் வளையில் வாழ்கிற பிராணிக்கு வெறும் பரப்பு பயம் தரும். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வையுங்கள், இரண்டும் இறுக்கமாக இருக்கட்டும். சுருண்டு படுத்தால் சுவர் உடம்பில் முட்ட வேண்டும். ஒன்றுதான் இருந்தால் அவன் சூட்டையும் பாதுகாப்பையும் ஒன்றாகப் பெற முடியாமல் தவிப்பான். கண்ணாடியின் மூன்று பக்கத்தையும் தடித்த தாளால் மூடிவிடுங்கள். உள்ளே செயற்கை இலைகளை நெருக்கமாகப் போட்டால் நல்லது. முடிந்தால் தொட்டியையே சின்ன அறைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். ஹோலின் நடுவில் வைப்பது நம் ஆசைக்கு, அவனுக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

இனி இரை. பழைய சுண்டெலிக்கே திரும்பிப் போங்கள். சிறுவயதிலிருந்து சுண்டெலி மணத்துக்குப் பழகிய றோயல் பைதனுக்குப் பெரிய எலி உணவாகவே தெரியாமல் போகலாம். பாம்பு நாக்கை நீட்டி நீட்டி எடுப்பது காற்றிலுள்ள மணத் துகள்களைத்தான், அண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்புத்தான் அதை வாசிக்கிறது. அந்த வாசிப்பில் 'சுண்டெலி' என்று வந்தால்தான் அவன் மேலே யோசிப்பான். காட்டிலும் இவைகளுக்குத் தனித்தனி ருசி இருக்கிறது. தென்கிழக்கு நைஜீரியாவில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், சின்ன ஆண்கள் பெரும்பாலும் பறவைகளையும் பெரிய பெண்கள் பெரும்பாலும் எலி போன்ற பாலூட்டிகளையும் தின்றிருந்தன. ஆண்கள் மரத்தில் கூடுதலாக ஏறுகின்றன என்பது அதற்கு ஒரு காரணம். கடைக்காரர் சொன்னதும் பிழையில்லை, என்றாவது பெரிய எலிக்கு மாற்றலாம். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிச் சில மாதம் போகட்டும். அப்போது எலியையும் சுண்டெலியையும் ஒரே பையில் போட்டு உருக்கினால் மணம் கலந்துவிடும், மாற்றம் சுலபமாகும்.

பதினைந்தாம் நாள், பின்னேரம் இருட்டிய பிறகு கொடுத்துப் பாருங்கள். உறைந்த சுண்டெலியைப் பையில் கட்டி முதலில் குளிர்ந்த நீரில் முழுதாக உருக விடுங்கள். நடுவில் கட்டியாக இருக்கக் கூடாது. பிறகு குழாயில் வரும் சுடுநீரில் சில நிமிடம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு இடம் வெந்தும் ஒரு இடம் உறைந்தும் இருக்கும், வயிறு வெடித்தும் போகும். றோயல் பைதனின் உதட்டோரத்தில் சூட்டை உணரும் குழிகள் இருக்கின்றன, இருட்டில் அது இரையின் சூட்டையும் சேர்த்தே 'பார்க்கிறது'. அதனால் இரையின் உடம்பு, முக்கியமாகத் தலை, உயிருள்ள எலியின் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் இடுப்பில் பிடித்து, மறைவிடத்தின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி மெதுவாக அசையுங்கள், ஒரு எலி தன் வழியில் போவதைப் போல. அவனை நோக்கி நீட்ட வேண்டாம். இரை தானாக வந்து முகத்தில் முட்டுவது காட்டில் நடக்காத காரியம். இரண்டு மூன்று நிமிடத்தில் எடுக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு, தொட்டியைத் துணியால் மூடி, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள். பலர் வீட்டில் இரவில் யாரும் இல்லாதபோதுதான் அந்த முதல் சாப்பாடு நடக்கிறது. காலையில் கிடந்தால் எடுத்து எறியுங்கள், திரும்ப உறைய வைக்க வேண்டாம். அடுத்த முயற்சி பத்துப் பதினாலு நாள் கழித்துத்தான்.

எடுத்துவிட்டால் செத்த இரையையும் சுற்றி இறுக்குவான். இரை மூச்சுத் திணறிச் சாகிறது என்று முன்பு நினைத்தார்கள். போவா பாம்புகளில் 2015இல் அளந்து பார்த்தபோது, சில நொடிகளிலேயே இரையின் இரத்த ஓட்டம் நின்றுபோவது தெரிந்தது. மகன் இதையெல்லாம் கேட்க ஆசைப்படுவான், சொல்லுங்கள். ஆனால் பார்க்கக் கிட்டப் போக வேண்டாம். விழுங்கி முடித்து வாயைப் பெரிதாகப் பிளந்து மூடுவான், தாடையை ஒழுங்குபடுத்துகிறான். அதற்குப் பிறகு இரண்டு முழு நாள் தொடக் கூடாது. சாப்பாட்டுக்கென்று வேறு பெட்டிக்கு மாற்றினால்தான் கையைக் கடிக்க மாட்டான் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நிறைந்த வயிற்றோடு தூக்கினால் கக்கிவிடுவான்.

உயிருள்ள எலி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பசியில்லாத பாம்போடு ஒரு எலியை இரவில் அடைத்து வைத்தால், பசி வருவது எலிக்கு. முதுகுத் தசை எலும்பு தெரியக் கடிக்கப்பட்ட ஒரு றோயல் பைதனை நான் ஒன்றரை மணி நேரம் தைத்திருக்கிறேன். எலி தின்னத் தின்ன அது ஓடவில்லை, சுருண்டு கிடந்திருக்கிறது. எட்டு மாதம் வைத்தியம் பார்த்தோம். அதை வளர்த்த இளைஞன் முதல் நாள் மேசைக்கு முன்னால் நின்று அழுதது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. எலியின் வேதனையையும் யோசிக்க வேண்டும். தேவையில்லாமல் ஒரு விலங்கைத் துன்புறுத்துவது இங்கே 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம். வாயைத் திறந்து வற்புறுத்தி ஊட்டுவதையும் வீட்டில் முயல வேண்டாம். தொண்டை கிழிந்துவிடும், பயமும் பத்து மடங்காகும்.

மாமியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். புற்றுக்குப் பால் வார்ப்பதும் முட்டை வைப்பதும் அவர் அம்மனுக்குச் செய்யும் வழிபாடு, அதை நான் குறை சொல்லவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ராஜாவின் இனம் ஆபிரிக்காவில் உண்மையாகவே கறையான் புற்றில் குடியிருப்பதைக் கேட்டால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பாம்பின் குடல் பாலுக்கானது அல்ல. தாகத்தில் இருக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும், நாகபஞ்சமிக்கு முன் பாம்பாட்டிகள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து பால் வைப்பது அதனால்தான். பின்னால் அந்தப் பாம்புகள் படும் பாடு பெரிது. முட்டை தின்னும் பாம்புகள் ஆபிரிக்காவில் தனியாக இருக்கின்றன, றோயல் பைதன் அந்த வகை இல்லை. ஒரு கனமான கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், அதுதான் ராஜாவுக்கு வார்க்க வேண்டியது.

ஃப்ரீசர் விஷயத்தில் மாமியின் பக்கம்தான் நான். உறைய வைப்பதால் சால்மொனெல்லா கிருமி சாகாது. உறைந்த எலிகள் வழியாக பிரிட்டனில் 2015 முதல் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் வந்திருக்கிறது, அதில் சிறுபிள்ளைகளும் உண்டு. உங்கள் மகளுக்கு மூன்று வயது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இது கடுமையாகப் பிடிக்கும். ஒரு சின்ன மேசை ஃப்ரீசர் வாங்கிக் கொட்டகையில் வைக்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில், சாப்பாட்டுச் சாமான்களைத் தொடாமல், அடித்தட்டில். உருக்குவதற்கு ஒரு வாளி, இடுக்கி, துணி எல்லாம் தனியாக. சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். எலியையோ பாம்பையோ தொட்ட எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். மகள் பாம்பைத் தொடவோ, அது ஊர்ந்த தரையில் விளையாடவோ கூடாது. தொட்டியை ஹோலிலிருந்து எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, எப்போது காத்திருக்கக் கூடாது என்று சொல்கிறேன். மகனை ஒரு கொப்பி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ராஜாவை ஒரு மூடிய டப்பாவில் வைத்து, சமையலுக்குப் பயன்படுத்தாத தராசில் நிறுத்து, திகதியோடு எழுதட்டும். தோல் உரிப்பதற்கு முன் கண் நீலம் பாரித்தால் அதையும் எழுதட்டும், அந்த நாட்களில் இரை காட்ட வேண்டாம். 868, 860, 855 என்று மெதுவாக இறங்கினால் பொறுத்திருக்கலாம், மாசி பங்குனி வரைகூட. 810க்கு, அதாவது 900 இல் பத்து வீதம் குறைந்த அளவுக்கு வந்தால் பாம்பு பார்க்கத் தெரிந்த ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எல்லா வைத்தியசாலையிலும் அப்படி ஒருவர் இருக்க மாட்டார், தொலைபேசியிலேயே கேளுங்கள். மூச்சில் சத்தம், மூக்கிலோ வாயிலோ சளி, வாயைத் திறந்தபடி மூச்சு, ஈறு சிவந்து வீக்கம், செதிலுக்கிடையில் ஊரும் கறுப்புப் புள்ளிகள், தலையை மேலே திருப்பிக்கொண்டு தடுமாறுவது, முதுகெலும்பு கூராகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் எடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே போங்கள். சாப்பிட்டதைக் கக்கினால் இரண்டு கிழமை வயிற்றுக்கு ஓய்வு கொடுத்துச் சின்ன இரை ஒன்று வையுங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் வைத்தியரிடம் போங்கள், போகும்போது கக்கியதையும் பையில் கொண்டுபோங்கள்.

மகனுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்குத் தோட்டத்தில் 2020இல் ஒரு பெண் றோயல் பைதன் முட்டையிட்டது. அதற்கு வயது 60க்கு மேல் என்று கணித்தார்கள். நல்லபடி வளர்த்தால் ராஜா அவன் படித்து வேலைக்குப் போகும் வரை, அதற்கும் பிறகு, அவனோடு இருப்பான். கொப்பியில் முதல் வரியாக 868 என்று எழுதட்டும். தை மாதம் எனக்கு அந்தக் கணக்கை அனுப்பச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.